சுண்ணாம்பு எல்லாம் ஒன்றல்ல
(திருப்பணி நன்கொடையாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கட்டட வேலையில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ஒரு பழைய கோயிலின் சுற்றுச்சுவரில் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. கும்பாபிஷேக நாளோ நெருங்கிவிட்டது. "சிமெண்டைப் பூசிவிடுங்கள், உறுதியாக நிற்கும்" என்று நானே சொன்னேன். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பூச்சு உப்பிக்கொண்டு பாளம் பாளமாக விழுந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பழைய செங்கல்லின் முகமும் சேர்ந்தே பெயர்ந்து வந்தது. அன்பர்கள் மனமுவந்து கொடுத்த பணம் அது.

செங்கல் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சிலுள்ள நுண்துளைகள் வழியே அந்த ஈரம் வெளியேறிவிடும். சிமெண்டு பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரமும் அதனுடன் ஏறிவந்த உப்பும் உள்ளே தங்கிச் செங்கல்லை அரிக்கின்றன.

சரி, சுண்ணாம்பையே பூசுவோம் என்றால், எந்தச் சுண்ணாம்பு? தூய சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் சுட்டு, நீர்விட்டு நீற்றினால் கிடைப்பது ஒரு வகை. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, இது மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. களிமண் கலந்த சுக்கான் கல்லைச் சுட்டுப் பெறுவது வேறு வகை. அது நீருடன் சேர்ந்தே இறுகும். ஈரம் மிகுந்த அடிச்சுவருக்கு ஏற்றது. முதல் வகையில் செங்கல் தூள் சேர்த்தாலும் இக்குணம் ஓரளவு வரும்.

கடையில் 'ஹைட்ரேட்டட் லைம்' என்பது முதல் வகையின் தூள். 'ஹைட்ராலிக் லைம்' என்பது இரண்டாவது. பெயர்தான் ஒன்றுபோல் இருக்கிறதே தவிர, குணம் வேறு. பையிலிருக்கும் தூள் காற்றுப்பட்டுப் பழசாகியிருந்தால், அது இறுக வேண்டிய வேலை பையிலேயே முடிந்துபோயிருக்கும்! நீற்றிய சுண்ணாம்பை நீருக்கடியில் மாதக்கணக்கில் வைத்திருந்தாலோ வெண்ணெய்போல் பக்குவப்படும்.

நம் கைவேலைக்குச் சாட்சி வேண்டுமா? சிங்கப்பூரில் 1862-ஆம் ஆண்டு அருட்பொழிவு பெற்ற செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அங்கே பூசியது 'மெட்ராஸ் சுண்ணாம்பு'. மணல் சேராத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர். இவற்றைக் கலந்து பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள் என்று மெக்நேர் என்னும் அதிகாரி 1899-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார்.

அன்பர்களே, இவ்வேலைக்கு அவசரம் ஆகாது. மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஈரச்சாக்கு போர்த்திக் காக்க வேண்டும். ஒன்று இறுகிய பிறகே அடுத்தது. ஆகவே நாள் குறிக்கும் முன் கொத்தனாரையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று திருப்பணிக் குழுவினரை வேண்டிக்கொள்கிறேன்.

நம் ஆலயத்தின் தென்புறச் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு மாதிரிப் பூச்சு போட்டு வைத்திருக்கிறோம். போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.