ஐதரசனும் நமது வாலிபரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விஞ்ஞானம் படிக்கும் பையனை மேடையில் ஏற்றினால் ஒன்றில் விளங்காமற் பேசுவான், அல்லது விளங்கியதையே நீட்டிப் பேசுவான் என்று நம் பெரியவர் ஒருவர் சற்று முன்னர் பகிடியாகச் சொன்னார். இரண்டையும் தவிர்க்க முயல்கிறேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் ஐதரசன் வாயுவும், அதிலிருந்து மின்சாரம் பெறும் எரிபொருட் கலமும். குருநகரில், கடலுக்குப் போகும் மக்களிடையே நின்று இதைப் பேசக் காரணம் உண்டு.

2022ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையிற் கிடந்தன. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபா ஆயிற்று. எங்கோ தோண்டும் எண்ணெய் வந்து சேராவிடின், நம் கடலில் நாமே இறங்க முடியாது என்ற நிலை. அந்நாட்களிலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை, சோளகக் காற்றுக்கும் பஞ்சமில்லை. இவற்றை மின்சாரமாக்கலாம். ஆனால் ஆக்கிய மின்சாரத்தை மாதக்கணக்கில் சேமித்து வைப்பது எங்ஙனம்? ஐதரசனைப் பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

நான் படித்த மிஷன் பாடசாலையின் ஆய்வுகூடத்தில், சிறிது அமிலம் சேர்த்த நீரில் மின்னைச் செலுத்திக் காட்டுவார்கள். ஒரு குழாயில் ஒரு பங்கு ஒட்சிசன் சேரும், மற்றதில் இரு பங்கு ஐதரசன் சேரும். எரியும் ஈர்க்கை ஐதரசன் குழாயின் வாயருகே பிடித்தால் ‘பொப்’ என்று ஒரு சத்தம். அதைக் கேட்பதற்காகவே, மறுபடியும் செய்து காட்டும்படி ஆசிரியரை நச்சரிப்போம். இந்தப் பரிசோதனையை மறுதலையாகச் செய்து பார்த்தவர் வில்லியம் குரோவ் என்ற பிரித்தானியர். அவர் தொழிலால் வழக்கறிஞர், பிற்காலத்தில் நீதிபதி. ஐதரசனையும் ஒட்சிசனையும் பிளாற்றினத் தகடுகளிற் சேரவிட்டால் நீரும் மின்சாரமும் பிறக்கும் என்று அவர் 1839இல் கண்டார். நூறு ஆண்டுகளுக்கு மேல் அதனால் பெரும் பயன் விளையவில்லை. பின்னர் 1969இல் சந்திரனுக்குச் சென்ற அப்பொலோ கலத்துக்கு மின்சாரம் தந்தது இவ்வகைக் கலமே. அதிற் பிறந்த நீரைத்தான் அங்கு சென்றவர்கள் குடித்தார்கள்.

இன்று அது கடலுக்கும் வந்துவிட்டது. நோர்வேயின் மேற்குக் கரையில் 2023 முதல் ‘ஹைட்ரா’ என்னும் பாதைக் கப்பல் திரவ ஐதரசனில் ஓடுகிறது. 300 பயணிகளையும் 80 மோட்டார் வண்டிகளையும் ஏற்றக்கூடியது. கொச்சிக் கப்பற் கட்டும் தளத்தில் இந்தியர் கட்டிய ஐதரசன் படகு 2024 பெப்ரவரியில் தொடக்கி வைக்கப்பட்டது.

உடனே நம் வள்ளங்களெல்லாம் ஐதரசனில் ஓடும் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ ஐதரசனை நீரிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 50 முதல் 55 யூனிற் மின்சாரம் வேண்டும். அதை எரிபொருட் கலத்திலிட்டால் திரும்பக் கிடைப்பது 16 அல்லது 17 யூனிற். மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. பற்றரியோ பத்தில் எட்டு ஒன்பது பங்கைத் திருப்பித் தரும். ஆதலால் காலையிற் போய் மாலையில் மீளும் சிறு வள்ளத்துக்குப் பற்றரியே ஏற்றது என்பது என் எண்ணம். சோளகக் காலத்தில் மிஞ்சும் மின்சாரத்தை மார்கழி மழைக்கென்று வைக்க வேண்டுமாயின், அல்லது பெரிய பாதைக் கப்பலை ஓட்ட வேண்டுமாயின், அப்போது ஐதரசனுக்கு வேலை உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் தர, இந்திய உதவியுடன் 2022 மார்ச்சில் உடன்படிக்கை ஆயிற்று. அத்திட்டத்திற் சேமிப்பு பற்றரியில்தான். இத்தகைய நிலையங்கள் பெருகும்போது மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்வி தானாக எழும்.

அதைவிடப் பெரிய கேள்வி, யார் பழுது பார்ப்பது என்பது. நான் அறிந்த ஒரு பொது நிலையத்தில் சூரிய மின்கருவி ஒன்று கெட்டுப்போய், கொழும்பிலிருந்து ஆள் வரும் வரை மாதக்கணக்கில் துணி மூடிக் கிடந்தது. ஐதரசன் கருவி அப்படிப் பொறுத்திருக்காது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அதன் சுவாலை பகலிற் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே தீப்பற்றும். ஒரு கிலோ ஐதரசனுக்கு 9 லீற்றர் நீர் வேண்டும், அதுவும் உப்பும் சுண்ணாம்பும் அறவே நீங்கிய நீராக இருக்க வேண்டும். நம் கிணற்று நீரின் சுண்ணாம்பைக் கேத்திலின் அடியிற் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே குழாய் பொருத்துபவன், நீரைச் சுத்தி செய்பவன், கசிவு சோதிப்பவன், மின்னிணைப்புச் செய்பவன் ஆகிய எல்லோரும் தேர்ந்த கைகளாக இருத்தல் வேண்டும்.

அத்தகைய கைகள் நம்மிடம் இருந்தன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டியவர்கள் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் நீங்களே. அப்படிப்பட்ட நீங்கள், ‘என் பிள்ளை ஸ்பானர் பிடிக்கவோ?’ என்று கேட்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற் பகுதியில் தூய சக்தி ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. பேராசிரியர் இரவிராஜன் போன்றோர், நோர்வேயில் பணியாற்றும் நம்மவரான பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளையின் கூட்டுறவோடு, அங்கே ஆராய்ச்சி வளர்த்திருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரிலே பொறியியற் பீடம் இருக்கிறது. அதே அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. அங்கே மின்னியல், மோட்டார், இயந்திரத் தொழில்கள் கற்பிக்கப்படுகின்றன. முன்னதில் இடம் கிடைத்தால் ஊருக்குச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பின்னதிற் படிக்கும் பிள்ளையைப் பற்றிக் கேட்டால், ‘ஏதோ படிக்கிறான்’ என்கிறோம். கலத்தின் மென்சவ்வை ஆராய்பவனும் அதைப் பிரித்துப் பூட்டுபவனும் ஒரே மேசையில் இருந்து பழகாவிடின், ஆராய்ச்சி தாளோடு நின்றுவிடும்.

கடலுக்கு அப்பால் காரைக்குடியைப் பாருங்கள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கென்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் கொடுத்தார். 1948இல் அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்தார்கள். மின்பகுப்பும் பற்றரியும் எரிபொருட் கலமும் அங்கே ஆராயப்படுகின்றன, மாணவர்கள் பட்டமும் பெறுகிறார்கள். வெளிநாட்டிலுள்ள நம் உறவினர் கோபுரத் திருப்பணிக்கு அனுப்பும் பணத்தை நான் குறை கூறவில்லை. அதில் நூற்றில் ஒரு பங்கு ஒரு பயிற்சிப் பட்டறைக்கு வந்தால் அம்பாள் கோபிக்க மாட்டாள் என்றே நம்புகிறேன்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் வாலிபர் பத்துப் பேரை இவ்வாண்டு அறிவியல் நகருக்கு அழைத்துச் சென்று, இரு வளவுகளையும் ஒரே நாளிற் காட்டுங்கள். பெற்றோரும் உடன் வரட்டும். பஸ் செலவைப் பழைய மாணவர் சிலரிடம் கேட்டுப் பெறலாம். பெயர் கொடுக்க விரும்புவோர் செயலாளரிடம் இன்றே கொடுக்கலாம். முதலாவதாக என் தம்பியின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அவனுக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போதிய புள்ளி வரவில்லை. வீட்டிலுள்ள தண்ணீர் மோட்டாரை இருமுறை பிரித்துப் பூட்டியவன் அவன். அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்.