வள்ளியம்மாளின் பேரன்



கொழும்புத் துறைமுகத்தை அடுத்திருப்பது கொச்சிக்கடை. கொச்சியிலிருந்து வந்தோரின் தொடர்பால் இப்பெயர் ஏற்பட்டதென்பர். ஒரு புறத்தில் அந்தோனியார் ஆலயத்து மணி. மறுபுறத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயிலின் மணி. இவ்விரண்டு மணியோசைகளுக்குமிடையே 2021ஆம் ஆண்டில் வேறோர் ஓசையும் அங்கே ஒலிக்கத் தொடங்கிற்று. தேநீர்க் கடையிலே அந்தப் பாட்டு. முச்சக்கர வண்டியிலே அந்தப் பாட்டு. இளைஞர் கையிலிருந்த தொலைபேசியிலும் அதுவே. 'என்ஜாய் எஞ்சாமி' என்பது அதன் பெயர்.

பெயரைக் கேட்டவுடனே முகஞ்சுளித்த பெரியவர்களும் உண்டு. ஆங்கிலம் பாதி, தமிழ் பாதி. இதுவும் ஒரு பாட்டா என்று அவர்கள் கேட்டனர். ஆயினும், அப்பாட்டின் வேர் தமிழ்நாட்டில் மட்டும் ஊன்றியதன்று. இலங்கையின் தேயிலை மலைகளிலும் அது ஊன்றியிருந்தது. அதனை எழுதிப் பாடிய அறிவு என்னும் இளைஞர், இலங்கைத் தோட்டமொன்றில் உழைத்துத் தமிழகத்துக்குத் திரும்பிய வள்ளியம்மாள் என்னும் மூதாட்டியின் பேரன். அந்தப் பேரனின் இசையைப் பற்றியும், அவர் 2024ஆம் ஆண்டில் மேற்கொண்ட முயற்சியைப் பற்றியும் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

அறிவரசு கலைநேசன் என்பது அவருடைய முழுப்பெயர். பிறந்த ஊர் அரக்கோணம். பொறியியல் கற்றவர். ஆனால் அவர் தேர்ந்துகொண்ட கருவி சொல். தாளத்தின் மேல் வேகமாகச் சொற்களை அடுக்கிச் செல்லும் பாட்டு முறையைச் சொல்லிசை என்று இன்றைய தமிழர் அழைக்கின்றனர். ஹிப்-ஹொப் என்னும் பெரிய கலை மரபின் ஒரு கிளை அது.

ஹிப்-ஹொப் எங்கே பிறந்தது? அரண்மனையிலுமன்று, சங்கீத சபையிலுமன்று. அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலே, வறியோர் வாழ்ந்த புரொங்ஸ் பகுதியிலே, 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11ஆம் தேதி, மாடி வீடுகள் நிறைந்த ஒரு கட்டடத்தில் நடந்த சிறு கொண்டாட்டத்தையே அதன் பிறந்தநாளாகக் கொள்வது வழக்கம். ஜமெய்க்காத் தீவிலிருந்து குடிபெயர்ந்து வந்த கூல் ஹேர்க் என்ற இளைஞர் அங்கே இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். பாட்டின் நடுவிலே குரல் ஓய்ந்து முழவு மட்டும் ஒலிக்கும் சிறு இடைவெளியில் ஆடுவோர் பெரிதும் மகிழ்வதை அவர் கண்டார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு கருவிகளில் வைத்து, அந்த இடைவெளியையே மாறி மாறி ஒலிக்கச் செய்து நீட்டினார். நீண்ட அத்தாளத்தின் மேற் சொற்கள் ஏறின. வாத்தியம் வாங்க வசதியற்றவர்கள் வாயையே வாத்தியமாக்கினர். தங்கள் தெருவின் துயரைத் தாங்களே சொல்லத் தொடங்கினர்.

இம்முறை தமிழுக்குப் பல வழிகளால் வந்தது. மலேசியத் தமிழரான யோகி பி என்பவரும் நட்சத்ரா குழுவினரும் 2006ஆம் ஆண்டில் 'வல்லவன்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டனர். இலங்கையிலே இராஜ் வீரரத்னவின் இசையிற் கிருஷான் மகேசன் தமிழிற் சொல்லிசை பாடினார். இலங்கையரான தினேஷ் கனகரத்தினம், ஏ. ஆர். ரகுமானின் இசையில் 2013ஆம் ஆண்டில் வெளிவந்த 'கடல்' திரைப்படத்திற் பாடினார். ஆகவே அறிவு முன்னோடியல்லர். முன்னோர் திறந்த வழியிலே வந்தவர். அவரிடம் புதுமையாய் இருந்தது, இக்கலையோடு அவர் எதனைக் கலந்தார் என்பதே.

2018ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, சென்னையில் ஓர் இசைக்குழு மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய குழு அது. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. அப்பண்டிதர் 1898ஆம் ஆண்டிற் கொழும்புக்கு வந்து, ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரரிடம் பௌத்த சீலம் பெற்றவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. இந்தக் குழுவிலே பறையும், வடசென்னையின் கானாவும், மேனாட்டுக் கிற்றாரும், சொல்லிசையும் ஒரே மேடையில் நின்றன. இழவு வீட்டுக்குரியதென ஒதுக்கப்பட்ட பறை அரங்கின் நடுவே வைக்கப்பட்டது. சொல்லிசை பாடியவர்களுள் அறிவும் ஒருவர். அடுத்த ஆண்டிலே ஓஃப்ரோ என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்னும் தொகுப்பை அவர் வெளியிட்டார்.

பின்பு, 2021 மார்ச் மாதத்திலே 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. இசையாக்கம் சந்தோஷ் நாராயணன். உடன் பாடியவர் பாடகி தீ. சுயாதீனக் கலைஞர்களுக்கென ஏ. ஆர். ரகுமானின் ஆதரவுடன் தோன்றிய 'மாஜா' என்ற அமைப்பின் வாயிலாக அது வெளியாயிற்று. நாற்பது கோடி தடவைக்கு மேல் அதன் காட்சி பார்க்கப்பட்டது.

அப்பெயரிலுள்ள 'எஞ்சாமி' என்பது 'என் சாமி' என்பதன் பேச்சு வடிவம். நிலமற்ற கூலியாள் தன் ஆண்டையைச் 'சாமி' என்றழைத்தான். அதே கூலியாளின் மனைவி, மாலையிலே குடிசைக்குத் திரும்பித் தன் பேரனை மடியிலிருத்தி 'என் சாமி' என்று கொஞ்சினாள். அடிமைத்தனமும் அன்பும் ஒரே சொல்லிலே குடியிருந்தன. இதனை உணர்ந்தவர்க்கு அப்பெயர் வெறும் விளையாட்டாகத் தோன்றாது.

பாட்டின் நடுவிலே ஆட்டம் தணிந்து ஒப்பாரி எழுகின்றது. ஒப்பாரி தமிழ்ப் பெண்களின் கலை. ஒருத்தி முன்னே சொல்லி அழ, சூழ்ந்திருப்போர் சேர்ந்தழுவர். இறந்தவரை முன்னிறுத்தி, அவர் பிறந்த ஊர், நட்ட மரம், பட்ட பாடு ஆகிய அனைத்தையும் சொல்வர். புறநானூற்றுப் புலவர் கையறுநிலை என்று பாடியதும் இந்த உணர்வையே. 2019 ஏப்ரல் 21ஆம் தேதி அந்தோனியார் ஆலயத்தில் நிகழ்ந்த கொடுமையின் பின்னர் எழுந்த ஓலத்தைக் கேட்ட கொச்சிக்கடை மக்களுக்கு, அழுகை என்பது மனிதன் சொல்லும் சாட்சியுமாகும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

வள்ளியம்மாளின் தலைமுறை எதற்குச் சாட்சி? முன்னர்க் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்தனர். வழியிலே மாண்டோர் பலர். பிற்காலத்தில் வந்தவர்க்கு எண் பொறித்த தகரச் சீட்டு வழங்கப்பட்டது. தோட்டத்துச் செக்ரோலிலே அவர்கள் ஓர் எண்ணாயினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974ஆம் ஆண்டிற் சரிபாதியாகப் பங்கிட்டன. எவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை என்பதன்று; கேட்கப்பட்ட பொழுது கணக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது.

மலைநாட்டு நிலையங்களிலே, புறப்படும் இரயிலுக்கும் மேடையில் நின்றவர்க்குமிடையே எழுந்த அழுகுரலைக் கேட்டவர்கள் மறந்திலர். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம் சென்றோரிற் சிலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலே மீண்டும் கொழுந்து கிள்ளினர். இங்கே 'இந்தியத் தமிழர்' எனப்பட்டவர் அங்கே 'சிலோன்காரர்' எனப்பட்டனர். மலைநாட்டிலேயே தங்கியவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பலர், இன்று கொழும்பின் கடைகளிலும் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை வீடுகளிலும் வாழ்கின்றனர். கடலால் பிரிந்த இரு கிளைகளிலே, அக்கரைக் கிளையிலிருந்து எழுந்த குரலே அறிவின் குரல்.

இனி, இக்கதையிலே ஒரு கசப்பும் உண்டு. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இந்திய இதழின் அட்டையிலே தீயும், யாழ்ப்பாணத்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த சொல்லிசைக் கலைஞர் ஷான் வின்சென்ட் டி போலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. பா. இரஞ்சித் அதனைக் கண்டித்தார். 2022 ஜூலை 28ஆம் தேதி சென்னையிலே சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு ஒலித்தபொழுதும் மேடையில் அறிவு இல்லை. அந்நாட்களில் அவர் அயல்நாட்டில் இருந்தார். பாட்டை ஆக்கியதில் தம் பங்கை அவர் பகிரங்கமாக எடுத்துரைத்தார். அவருக்குரிய சிறப்பைத் தாங்கள் மறைத்ததில்லையென்று தீயும் சந்தோஷ் நாராயணனும் விடையிறுத்தனர். பின்னர் 2024ஆம் ஆண்டிலே, அப்பாட்டால் தங்களுக்கு வருவாய் எதுவும் கிடைக்கவில்லையெனச் சந்தோஷ் நாராயணன் வெளியிட்டார்.

இவர்களுள் யார் சொல்வது சரியென்று தீர்ப்பது இப்பேச்சின் வேலையன்று. கவனிக்கவேண்டியது மற்றொன்று. உழைத்தவரின் பெயரின்றி விளைச்சல் விலையாவது தேயிலைத் தோட்டத்திலே பழகிப்போன செய்தி. தேயிலைப் பெட்டியிலே தோட்டத்தின் பெயர் இருந்தது. கிள்ளியவளின் பெயர் இருந்ததில்லை. அவளுடைய துயரைப் பாடிய பாட்டைச் சுற்றியும், யார் பெயர் முன்னே, யார் பெயர் பின்னே, பணம் எங்கே என்ற கேள்விகள் எழுந்தன. சுயாதீனக் கலைஞன் என்பவன், பெரிய முதலாளியின் கையில் அகப்படாதவன் மட்டுமல்லன்; தன் ஆக்கத்தின் மேல் தன் பெயரை நிலைநிறுத்தவும் வல்லவனாதல் வேண்டும். அவ்வாறு நிலைநிறுத்துதல் எளிதன்று.

இந்தக் கேள்விக்கு அறிவு தம் தொழிலாலேயே விடை தேடினார். 'அம்பஸா' என்ற பெயரிலே தமக்கென ஒரு குழுவை அமைத்தார். 2024ஆம் ஆண்டிலே தமது தனித் தொகுப்பின் முதற் பாகத்தை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. தொகுப்பின் முகப்பிலே தம் பெயரை மட்டும் பொறித்துப் பெருமை கொள்ளாமல், தம்மை ஒரு கிழவியின் பேரனாக அறிமுகம் செய்துகொண்டார். செக்ரோலிலே எண்ணாயிருந்திருக்கக்கூடிய ஒருத்தியின் பெயர், இன்று உலகெங்கும் தமிழர் உச்சரிக்கும் பெயராகிவிட்டது. பாரி மறைந்த பின்னும் அவன் பெயரைக் கபிலரின் செய்யுள் காத்தது. வள்ளல்களுக்கு வாய்த்த அந்தப் பேறு, கொழுந்து கிள்ளியவர்க்கும் இப்பொழுது வாய்க்கின்றது.

கலப்பிசை என்றால் மரபுக்குக் கேடென்று அஞ்சுவோர்க்கும், பழையதெல்லாம் பயனற்றதென்று கருதும் இளைஞர்க்கும் இதிலே ஒரு பாடமுண்டு. அயல்நாட்டுத் தாளம் வந்ததனால் ஒப்பாரி அழியவில்லை. கேட்பாரற்றுக் கிடந்த ஒப்பாரிக்குக் கோடிக் கணக்கான செவிகள் கிடைத்தன. அதேவேளையில், பாட்டி சொன்னதைக் கேளாத பேரனாக அறிவு இருந்திருப்பின், அத்தாளத்தின் மேல் ஏற்றுவதற்கு அவரிடம் எதுவும் இருந்திராது.

மலையகப் பாடல்களை ஸி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டந்தோறும் கேட்டுத் தொகுத்தனர். அன்று அதற்கு எழுதுகோலும் நோட்டுப் புத்தகமும் வேண்டியிருந்தன. இன்று கொச்சிக்கடையின் ஒவ்வொரு வீட்டிலும் ஒலிப்பதிவு செய்யவல்ல தொலைபேசி ஒன்றாவது இருக்கின்றது. அவ்வீடுகள் சிலவற்றின் உள்ளறையிலே, தலைமன்னார்க் கப்பலை நினைவிற் கொண்ட கிழவியர் இன்னும் இருக்கின்றனர். தாலாட்டும், கும்மியும், இழவுப் பாட்டும் அவர்கள் நெஞ்சிலே உள்ளன. பேரப்பிள்ளைகள் இன்று மாலையே அவர்கள் அருகில் அமர்ந்து ஒரு பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்கட்டும். அதனைப் பதிவு செய்யும்போது பாடியவரின் பெயரையும் ஊரையும் மறவாது சேர்த்துக்கொள்ளட்டும்.