தன்னையே தின்ற இயக்கம்



முப்பத்தைந்து ஆண்டுகள் சரித்திரம் கற்பித்த எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓர் இயக்கத்தின் முழக்கத்தைக் கேட்டவுடன், அதன் குண்டுகள் எவர்மீது பாய்ந்தன என்று பார்ப்பேன். அவ்வளவுகோலைக் கொண்டு, பாலஸ்தீனப் போராட்டத்தினின்று பிரிந்த அபு நிதால் குழுவின் வரலாற்றை இன்று ஆராய்வோம்.

அக்குழுவின் தலைவரது இயற்பெயர் சப்ரி அல்-பன்னா. 1937-இல் யாஃபா நகரில், ஆரஞ்சுத் தோட்டங்களையுடைய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 1948-ஆம் ஆண்டுப் போரில் அக்குடும்பம் வீட்டையும் தோட்டத்தையும் இழந்தது. அவ்வாறு அகதிகளான பாலஸ்தீனர் ஏறத்தாழ 7 லட்சம் பேர். அத்துயரம் மெய்யானது, அதனை நாம் குறைத்துப் பேசலாகாது.

பின்னர் அவர் யாசர் அரபாத்தின் ஃபதா இயக்கத்திற் சேர்ந்தார். ‘போராட்டத்தின் தந்தை’ எனப் பொருள்படும் அபு நிதால் என்ற பெயரைப் பூண்டார். தலைமை சமரசத்தின் பக்கம் சாய்கிறதெனச் சினந்து, 1974-இல் ஈராக் அரசின் ஆதரவுடன் தனிக்குழு கண்டார்.

அக்குழுவின் குண்டுகள் எவர்மீது பாய்ந்தன? 1982 ஜூனில் லண்டனில் இஸ்ரேல் தூதர் ஷ்லோமோ ஆர்கோவ் சுடப்பட்டுப் படுகாயமுற்றார். மூன்றே நாட்களில் இஸ்ரேல் படை லெபனானுட் புகுந்தது. அவ்வாண்டே பெய்ரூத்தை விட்டு வெளியேற நேர்ந்தது யாருக்கு? அரபாத்தின் படையினருக்கு! 1983-இல், இஸ்ரேலியருடன் பேசி அமைதி காண முயன்ற பாலஸ்தீனர் இசாம் சர்தாவியைப் போர்த்துகலில் இக்குழு கொன்றது.

1985 டிசம்பரில் ரோம், வியன்னா விமான நிலையங்களில் பயணிகள் மாண்டனர். 1986 செப்டம்பர் 5 அன்று, மும்பையிலிருந்து சென்ற விமானமொன்று கராச்சியிற் கைப்பற்றப்பட்டது. அதில் பயணிகளைக் காக்க முயன்று உயிர் நீத்த விமானப் பணிப்பெண் நீரஜா பனோட்டுக்கு இருபத்துமூன்று வயதுகூட நிரம்பவில்லை. நம் நாடு அவருக்கு அசோக சக்கர விருதளித்துப் போற்றியது.

இனி வீழ்ச்சியைக் காண்போம். குழுவை ஈராக் 1983-இல் வெளியேற்றியது, சிரியா 1987-இல் வெளியேற்றியது, லிபியா புகலளித்தது. பிறர் அரசுகளின் தயவில் வாழ்ந்தவர்களுக்குச் சொந்த மக்களிடையே வேர் இல்லை. வேரில்லாத இடத்தில் சந்தேகம் முளைத்தது. 1987, 1988 ஆண்டுகளில் தன் உறுப்பினர் பல நூற்றுவரை ஒற்றரென ஐயுற்று அக்குழுவே கொன்று புதைத்தது. எஞ்சியோரிற் பலர் விலகினர். 1999-இல் லிபியாவும் கைவிட்டது. 2002 ஆகஸ்டில் பாக்தாதில் துப்பாக்கிக் காயங்களுடன் அபு நிதால் இறந்தார். தற்கொலை என்றது ஈராக் அரசு. அவரோடு குழுவும் மறைந்தது.

மாணவர்களே, யாஃபாவின் தோட்டங்களில் ஒரு மரத்தையேனும் அக்குண்டுகள் மீட்டனவா? இல்லை. நியாயமான துயரம் ஒருவன் செய்வதையெல்லாம் நியாயமாக்கிவிடாது. மாற்றுக் கருத்துடைய தன் சகோதரனையே பகைவனாகக் கருதத் தொடங்கும் இயக்கம், இறுதியில் தன்னையே பகைவனாகக் காணும். எந்த முழக்கத்தின் பின்னும் செல்லுமுன் இதனை நீங்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.