மரம் வெட்டும் சட்டமும் மலைத் தொழிலாளரும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் பெயரிலான சொற்பொழிவில் காட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் பண்டிதரின் பொதுவாழ்வு தொடங்கியதே நீலகிரியில்தான். 1870களில் அத்வைதானந்த சபையை அவர் நிறுவியது உதகையில். 1891 டிசம்பர் 1 அன்று திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றியதும் அதே உதகையில். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட நூற்றாண்டு அது. அந்த வேலைக்குச் சமவெளியிலிருந்து மலையேறிய கூட்டத்தில் நம் மக்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். ஆகவே நீலகிரிக் காட்டின் வரலாறு நம் வரலாற்றுக்கு வெளியே இல்லை.

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான். அரசுக் காடுகளில் மரம் வெட்டுவதற்கு விதி வகுக்கிறோம். அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கவும் விதி வகுக்கிறோம். இரண்டுக்கும் இடையே ஒரு சமநிலை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் தராசில் யாரை எடைக்கல்லாக வைக்கிறோம்?

கூடலூரிலிருந்து போன வழக்கு

இந்தியாவின் காட்டுச் சட்டத்தையே மாற்றிய வழக்கு நம் கூடலூரிலிருந்து போனது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பகுதியில் காடு வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிபதிகள் ஜே.எஸ். வர்மா, பி.என். கிர்பால் அமர்வு இடைக்கால ஆணை பிறப்பித்தது. அரசுப் பதிவேட்டில் என்ன பெயர் இருந்தாலும், யார் உடைமையாக இருந்தாலும், அகராதிப் பொருளில் காடு என்றால் அது காடுதான் என்றது அந்த ஆணை. மத்திய அரசு ஒப்புதல் பெற்ற பணித்திட்டம் இல்லாமல் எந்த மாநிலத்துக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றும் சொன்னது.

தமிழ்நாட்டுக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. காட்டுப் பகுதிகளில் மரம் வெட்ட முழுத்தடை. தேயிலை, காபி, ஏலத் தோட்டங்களில் நிழல் மரங்களை வெட்டலாம். ஆனால் நட்டு வளர்த்ததை மட்டும், தானாக முளைத்ததை வெட்டக் கூடாது. அதுவும் டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் அறிக்கையில் சொன்ன மர இனங்களை மட்டும், ஒரு குழுவின் மேற்பார்வையில்தான் வெட்டலாம். காட்டை அழித்துத் தோட்டத்தை இனி விரிக்கக் கூடாது.

நட்ட மரம், தானாக முளைத்த மரம் என்ற இந்தப் பிரிப்பு நல்ல பிரிப்பு. சில்வர் ஓக்கை வெட்டினால் மறுபடி நடலாம். நூறு ஆண்டு நின்ற ஈட்டி மரத்தை அப்படித் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆனால் ஒரு சமூகவியல் மாணவராக இந்த வழக்கின் பெயரைப் பாருங்கள். காட்டைக் காக்க நீதிமன்றம் போகும் தகுதியும் வசதியும் பழைய ஜன்மி குடும்பத்தைச் சேர்ந்தவருக்கு இருந்தது. அதே ஜன்மிகளின் நிலத்தில் தலைமுறைகளாக அடிமை வேலை செய்த பணியர்களின் பெயர் வழக்கின் தலைப்பில் இல்லை. மரம் அறுத்தவர், சுமந்தவர், கொழுந்து பறித்தவர் பெயரும் இல்லை.

விதி ஏன் வேண்டும்

விதியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். வனத்துறை பல பத்தாண்டுகள் மரத்தைக் கன அடியாக மட்டுமே எண்ணியது. தேர்ந்து வெட்டும் முறை என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட சுற்றளவுக்கு மேல் பருத்த மரங்களைக் குறியிட்டு வெட்டுவார்கள். முற்றிய மரம், இனி வளராது, எடுத்துவிடலாம் என்பது கணக்கு. அந்த முற்றிய மரத்தில்தான் பொந்து இருக்கும். இருவாச்சிப் பெண் பறவை அந்தப் பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண் பறவை வெளியிலிருந்து பழம் கொண்டுவந்து ஊட்டும். வனத்துறைக்கு அது ஒரு மரம். இருவாச்சிக்கு அது வீடு. ஒரு ஹெக்டேரில் இரண்டு மரம்தானே வெட்டினோம் என்று பதிவேடு சொல்லும். வெட்டிய இரண்டும் பொந்து மரங்களாக இருந்தால் அந்தக் காட்டில் இருவாச்சி குஞ்சு பொரிக்க இடமில்லை.

மோயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறு கழுகுகளும் அப்படித்தான். ஆற்றோரத்து உயர்ந்த நீர்மருது மரங்களில் அவை கூடு கட்டுகின்றன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொன்று குவித்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்க 2006இல் தடை வந்தது. எஞ்சிய சிலவற்றுக்கு அந்த மருத மரங்கள்தான் கதி. செத்த மாட்டை அகற்றும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, அதைச் செய்ததற்காகவே இழிவுபடுத்திய சமூகம் இது. அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்த பறவையின் அருமையும் அது அழியும் தறுவாயில்தான் இந்தச் சமூகத்துக்குத் தெரிந்தது.

ஆகவே பழைய மரம் நிற்க வேண்டும், யானை வழி திறந்திருக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. நம் கேள்வி அடுத்த படியில் தொடங்குகிறது.

வெட்டச் சொன்னவர் யார்?

1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் இரு அரசுகளும் முடிவு செய்தன. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை. அவர்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், சக்கிலியர்.

அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க, 1968இல் தமிழக வனத்துறை தானே தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. பின்னாளில் அதுதான் டான்டீ கழகம் ஆனது. குன்னூர், கோத்தகிரி, பந்தலூர், சேரம்பாடி, நடுவட்டம், வால்பாறை என்று வனநிலத்தில் தேயிலை ஏறியது. காட்டை எங்கே வெட்டுவது என்று திட்டம் போட்டது அரசு. மரத்தைச் சாய்த்து, வேரைப் பறித்து, நாற்று நட்டது நம் மக்கள். அட்டைக்கடியும் மழையும் குளிரும் அவர்களுக்கு. வருவாய் கழகத்துக்கு.

அரை நூற்றாண்டு கழிந்தது. தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது என்று சொல்லி, 2022இல் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. ஓய்வுபெற்றவர்களுக்கு லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. நிலம் காடாகத் திரும்பட்டும். யானைக்கும் கரடிக்கும் அது நல்லதே. ஆனால் இலங்கை வெளியேற்றிய மனிதரை, இங்கே காடு வெட்ட அமர்த்திய அரசே, காட்டின் பெயரால் மறுபடி வெளியேற்றுவதற்கு என்ன பெயர் வைப்பது? நிலத்தை மீட்பதற்குத் திட்டம் இருக்கிறது. அதில் ஐம்பது ஆண்டு உழைத்தவரை மீட்பதற்கு அதே அளவு தெளிவான திட்டம் இருக்க வேண்டாமா?

எழுபத்தைந்து ஆண்டு

வன உரிமைச் சட்டம் 2006 இருக்கிறதே என்பீர்கள். நல்ல சட்டம்தான். அதைப் போராடிப் பெற்றவர்களை வணங்குகிறேன். அதில் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பு நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். மற்ற மரபுவழி வனவாசிகள், அதாவது தலித்துகளும் உட்பட, அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்து காட்டைச் சார்ந்து பிழைத்ததை மெய்ப்பிக்க வேண்டும். கணக்குப் போடுங்கள். 1930இல் அங்கே இருந்திருக்க வேண்டும். 1930இல் டான்டீ தொழிலாளியின் தாத்தா கண்டியிலோ அட்டனிலோ வெள்ளைக்காரத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். பட்டாவே மறுக்கப்பட்ட சாதியிடம் 75 ஆண்டுத் தாள் கேட்பது, பள்ளியே மறுத்தவரிடம் மதிப்பெண் சான்றிதழ் கேட்பது போன்றது.

இதையும் அடுத்த சட்டத்தையும் பக்கத்தில் வையுங்கள். 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். சஃபாரிப் பூங்காவும் சூழல் சுற்றுலா வசதியும் இனி காட்டுக்குப் புறம்பான பயன்பாடு ஆகாது என்று அதில் எழுதினார்கள். பதிவேட்டில் ஏறாத காடுகளும் பாதுகாப்பை இழக்கும் நிலை வந்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, 1996இன் அகராதிப் பொருளையே தொடரச் சொல்ல வேண்டியதாயிற்று. சுற்றுலாப் பயணியிடம் யாரும் 75 ஆண்டுச் சான்று கேட்பதில்லை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, நம் பெயரைச் சொல்லித் தம் காரியத்தைச் சாதிக்கும் முதலாளிகள். முதுமலை அருகே யானை வழித்தடத்தை 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதை எதிர்த்து வழக்காடியவர்களில் முன்னின்றவர்கள் விடுதி உரிமையாளர்கள். கூடலூர் ஜன்ம நிலச் சட்டம் 1969இல் வந்தது. அதன் வழக்குகள் பத்தாண்டுக் கணக்கில் இழுத்தன. ஒன்பதாவது அட்டவணை பற்றிய 2007ஆம் ஆண்டு ஐ.ஆர். கோயலோ தீர்ப்பின் வேரும் அதில்தான். ‘ஏழைகள் வெளியேற்றப்படுகிறார்கள்’ என்று தோட்ட முதலாளி கண்ணீர் விடும்போது, அவர் குத்தகை நிலத்தின் பரப்பைக் கேளுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை நமக்கே. அந்த மலை பணியருக்கும் குறும்பருக்கும் காட்டுநாயக்கருக்கும் உரியது. நாம் அங்கே அனுப்பப்பட்டவர்கள். நம் கோரிக்கை அவர்களின் கூட்டு உரிமையைக் கரைக்கும் விதத்தில் இருக்கக் கூடாது. ஆதிவாசியையும் தலித்தையும் மோதவிட்டால் லாபம் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும்.

ஆந்தையா, வேலையா?

அமெரிக்காவின் வடமேற்கில் 1990இல் ஒரு புள்ளி ஆந்தை அழிவாபத்துப் பட்டியலில் சேர்ந்தது. பெரும்பாலும் முதிர்ந்த காட்டைச் சார்ந்து வாழும் பறவை. 1991இல் நீதிமன்றம் அரசுக் காட்டில் மர விற்பனைக்குத் தடை போட்டது. ஆந்தையா, வேலையா என்று ஊரே பிளந்தது. எந்திரங்கள் புகுந்ததாலும் அறுக்காத தடிகளாகவே மரம் ஏற்றுமதியானதாலும் அறுவை ஆலை வேலைகள் முன்பே குறைந்துவந்தன. பழி ஆந்தை மேல் விழுந்தது. 1994இல் சுமார் 2.4 கோடி ஏக்கர் கூட்டரசு நிலத்துக்கு ஒரே திட்டம் வந்தது. கூடவே பாதிக்கப்பட்ட தொழிலாளருக்கும் ஊர்களுக்கும் ஐந்தாண்டுக்கு 120 கோடி டாலர் உதவி அறிவித்தார்கள். அது போதவில்லை என்ற குறை அங்கே உண்டு. ஆனாலும் பறவைக்குத் திட்டம் போட்ட மேசையிலேயே தொழிலாளிக்கும் ஒரு பத்தி எழுத வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இருந்தது. 1996 ஆணைக்குப் பின் நம் நாட்டில் மர வேலையை இழந்த கூலிகளுக்கும் அப்படி ஒரு பத்தி வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: டான்டீ திருப்பிக் கொடுக்கும் நிலத்தைக் காடாக்கும் வேலை அந்தத் தொழிலாளர்களுக்கே நிரந்தர வேலையாக வேண்டும். உண்ணிச் செடியையும் சீகை மரத்தையும் அகற்றவும், சோலை மர நாற்று வளர்க்கவும் ஒப்பந்தக்காரர் எதற்கு?

இரண்டு: யானை வழிக்கு வெளியே, அவர்கள் ஒப்புக்கொள்ளும் இடத்தில், பெண்கள் பெயரில் வீட்டுமனைப் பட்டா. பட்டா கைக்கு வந்த பிறகுதான் லைன் வீட்டின் சாவியைக் கேட்க வேண்டும்.

மூன்று: பட்டியல் சாதியினருக்கும் தாயகம் திரும்பியோருக்கும் 75 ஆண்டு நிபந்தனை நீங்க வேண்டும். வீடும் பிழைப்பு நிலமும் என்ற அளவில், கிராம சபையின் தீர்மானத்தோடு, ஆதிவாசிகளின் கூட்டு உரிமைக்குக் குறைவு வராமல்.

நான்கு: ஆபத்துள்ள உயிரினத்துக்காக மக்களை இடம் மாற்றும் முன், வன உரிமைச் சட்டத்தின் 4(2) பிரிவு சொல்வதைச் செய்யுங்கள். மீளாத சேதம் வரும் என்பதையும் சேர்ந்து வாழ வழியில்லை என்பதையும் நிறுவுங்கள். கிராம சபையின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.

ஐந்து: மரம் வெட்ட அனுமதிக்கும் குழுக்களில் ஆதிவாசிகளும் தோட்டத் தொழிலாளர்களும் உறுப்பினராக வேண்டும். எந்த மரத்தில் பொந்து இருக்கிறது, எந்தக் கிளையில் கழுகு கட்டியிருக்கிறது என்பது தினமும் அந்த வழி நடப்பவருக்குத் தெரியும். வேட்டைத் தடுப்புக் காவலராக ஒப்பந்தக் கூலிக்கு இரவு முழுக்கக் காட்டில் நிற்பவரும் அவர் பிள்ளைதான்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். அடுத்த விடுமுறையில் பந்தலூருக்கோ சேரம்பாடிக்கோ போங்கள். ஒவ்வொரு லைனிலும் யார் எந்த ஆண்டு வந்தார், எந்தக் கப்பலில் வந்தார், எந்தச் சரிவை வெட்டினார், எந்தச் சரிவில் நட்டார் என்று கேட்டு எழுதுங்கள். பழைய பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் படி எடுங்கள். நாளை ஏதாவது ஒரு குழு, ஏதாவது ஒரு நீதிமன்றம், இவர்கள் யார் என்று கேட்கும். அன்று மேசையில் வைக்க நம்மிடம் தாள் இருக்க வேண்டும்.