பயிரை மேய்ந்த வேலி



அமெரிக்க விமானி ஒருவரின் ஊதியம், அவர் ஓட்டும் விமானம், விடுப்பு நாள் ஆகிய அனைத்தையும் முடிவு செய்வது அவருடைய திறமையன்று. நிறுவனத்தில் சேர்ந்த நாளை வைத்து எழுதப்படும் பணிமூப்புப் பட்டியலே. 20 ஆண்டு அனுபவமுள்ள கேப்டனும் மற்றொரு பெருநிறுவனத்துக்கு மாறினால் பட்டியலின் அடியில் துணை விமானியாகவே தொடங்க நேர்வதால், எந்த விமானம் எந்தப் பட்டியலுக்கு உரியது என்பது அங்கே வாழ்க்கைப் பிரச்சினை.

அந்தப் பட்டியலுக்கு வேலியாகவே, பெருநிறுவனத்துக்கும் விமானிகள் சங்கத்துக்கும் இடையிலான ஊதிய ஒப்பந்தங்களில் ‘ஸ்கோப்’ விதி இடம்பெற்றது. பெருநிறுவனத்தின் பெயரைத் தாங்கிப் பறக்கும் வட்டார நிறுவனங்கள் எத்தனை விமானங்களை, எத்தனை இருக்கைகளுடன், எவ்வளவு எடையில் இயக்கலாம் என்று வரம்பிடும் விதி அது. ஆனால் 1990களில் 50 இருக்கை ஜெட் விமானம் வந்தபோது, சங்கம் அதைத் தன் உறுப்பினருக்குத் தகாத சிறு வேலையாக எண்ணி, வேலியில் தானே வழி திறந்தது. நிறுவனங்கள் திவாலான காலத்து நெருக்கடியே காரணம் என்பார் சங்கத்தார். முதல் விட்டுக்கொடுப்போ நிறுவனங்கள் இலாபம் கண்ட ஆண்டுகளிலேயே நிகழ்ந்துவிட்டது. நெருக்கடி அந்த வழியை அகலமாக்கியது, அவ்வளவே. இன்று டெல்டா, யுனைட்டட், அமெரிக்கன் மூன்றிலும் வரம்பு 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை. எம்ப்ரேயர் நிறுவனத்தின் புதிய ஈ175-ஈ2 இவ்வெடையைத் தாண்டியதால் அச்சந்தைக்குள் நுழைய இயலவில்லை. சுமார் 70 இருக்கைக்குரிய உடலில் 50 மட்டுமே பொருத்திய சிஆர்ஜே-550 உருவானதும் இதே விதியால்தான். விமானத்தின் வடிவையே ஊதிய ஒப்பந்தம் வரையும் விந்தை இது.

பெருநிறுவன விமானிக்கும் வட்டார விமானிக்கும் பல இடங்களில் சங்கம் ஒன்றே என்பதுதான் இதில் கசப்பான பகுதி. டெல்டாவுக்குச் சொந்தமான கோமேர் நிறுவனத்தின் விமானிகள் 2001இல் 89 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் ஒரு சாரார், பெருநிறுவன விமானிகளின் பக்கம் சாய்ந்து தங்கள் வேலையைச் சங்கம் பேரம் பேசுவதாகக் கூறி, அந்தச் சங்கத்தின் மீதே வழக்கும் தொடுத்தனர். 2012இல் கோமேர் மூடப்பட்டபோது அவர்களுடைய பணிமூப்பு எங்கும் செல்லாக்காசாயிற்று.

பயணியும் இதற்கு வெளியே இல்லை. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகரருகே 50 பேர் மாண்ட விபத்தில், பயணச்சீட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். இயக்கியதோ கோல்கன் என்னும் வட்டார நிறுவனம். வட்டார விமானிகளின் குறைந்த ஊதியமும் களைப்பும் அதன்பின்தான் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டன. கேப்டனுக்கு மட்டுமன்றித் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிநேரப் பறத்தல் அனுபவம் வேண்டும் என்ற விதியும் அதன்பின்தான் வந்தது.

எனவே, 76 இருக்கை வரம்பை உயர்த்தித் தருமாறு நிறுவனம் அடுத்த முறை ஊதிய உயர்வைக் கையில் ஏந்தி வரும்போது, சங்கம் அந்தப் பணத்தை எண்ணத் தொடங்குமுன் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்றுண்டு: விமானத்தின் வாலில் எவருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறதோ, அவருடைய பட்டியலில் உள்ள விமானியே அதை ஓட்ட வேண்டும், இருக்கை 50 ஆயினும்.