தராசில் ஏறாத குழந்தை

(யூபிலி விழாவையொட்டிக் கூடிய பங்கு மக்களிடையே ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டை முன்னிட்டு ஆலயத்திற்கு வெள்ளையடித்தோம்; மணிக்கூண்டையும் பழுதுபார்த்தோம். மகிழ்ச்சியே. ஆயினும், வீடு மந்திரிக்கச் சென்றபோது நாம் கண்ட ஒரு காட்சியை இன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஓசூர் சிப்காட் ஆலைகளை நம்பி வந்த குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் வரிசை வீடுகள் அவை. ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று தன் அக்காளின் இடுப்பில் சாய்ந்து கிடந்தது. முகத்தில் மொய்த்த ஈயை விரட்டவும் அதற்குத் தெம்பில்லை. தாய் வடநாட்டுப் பெண், மீண்டும் கருவுற்றிருந்தாள். இரண்டு தெரு தள்ளி அங்கன்வாடி இருந்தது. "நாங்கள் வெளியூர், எங்களுக்குத் தரமாட்டார்கள்" என்று எண்ணி அவள் அங்கே போகவேயில்லை. அக்குழந்தை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எந்தத் தராசிலும் ஏறியதுமில்லை.

பசித்த பிள்ளைக்குச் சோறிடுவதில் நம் தமிழ்நாடு எவருக்கும் பின்தங்கியதன்று. 1956-இல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஆனால் அந்தத் தட்டு, நடந்து வரக்கூடிய பிள்ளைக்கே கிட்டும். தாயின் கருவிலும் பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளிலும்தான் உடலுக்கும் மூளைக்கும் அடித்தளம் இடப்படுகிறது. அப்போது விட்டதைப் பின்னால் முழுவதும் ஈடுசெய்ய இயலாது.

இன்னொன்றும் உண்டு. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தை உண்ணாது. உண்டதும் உடலில் ஒட்டாது. மெலிந்த குழந்தையை நோய் எளிதில் பற்றும். ஆகவே உணவை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். மருந்தை மட்டும் கொடுப்பது எண்ணெயில்லாத விளக்கில் திரியைத் தூண்டுவதாகும்.

இதை உணர்ந்து, 1980-இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உருவாயிற்று. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டார்கள். எடை சரிவரக் கூடாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். காரணத்தைத் தாய்க்கு எடுத்துச் சொன்னார்கள். ஊட்டச்சத்துப் பணியாளரைத் தேர்ந்தபோது, அதே ஊரில் ஏழையாயிருந்தும் தன் பிள்ளையை நன்கு வளர்த்த தாய்க்கு முன்னுரிமை கொடுத்தார்கள். எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு! உணவு கொடுப்பவர் ஒரு துறை, ஊசி போடும் செவிலியர் மற்றொரு துறை. துறைகள் இரண்டாயினும் குழந்தை ஒன்றே அன்றோ? இருவரையும் ஒரே தாயின் வாசலில் சந்திக்கவைப்பதே அத்திட்டத்தின் கடினமான பகுதியாயிற்று.

இன்று அதற்கென்றே கிராம சுகாதார ஊட்டச்சத்து நாள் உண்டு. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கருவுற்ற தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக உணவு பெறும் உரிமையைத் தருகிறது. அது இந்திய நாடு முழுமைக்குமான சட்டம். ஆகவே "வெளியூர்" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. உரிமை இருக்கிறது, கைப்பிடித்து அழைத்துச் செல்லத்தான் ஆள் இல்லை.

எனவே உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு அன்பியமும் தன் தெருவிலுள்ள கருவுற்ற தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் அறிந்து, அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லட்டும். மதம் பார்க்க வேண்டாம். நம்மில் தெலுங்கு பேசுவோர் உண்டு, கன்னடம் பேசுவோர் உண்டு. ஆலையில் இந்தி கற்ற இளைஞரும் உண்டு. அந்த நாவுகள் இதற்குப் பயன்படட்டும்.

இரண்டாவது, பேறுகாலத்திற்கு அத்திப்பள்ளிக்கு அப்பால் கர்நாடகத்திலுள்ள தாய்வீடு செல்லும் பெண்கள் தாய் சேய் நல அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். போட்ட ஊசியும் பார்த்த எடையும் அதில் இருந்தால்தான், எல்லையின் இருபுறத்துச் செவிலியருக்கும் விவரம் தெரியும்.

மூன்றாவது, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். அதன்பின் தாய்ப்பாலோடு, நம் மண்ணில் விளையும் ராகியைக் கூழாக்கி, வெந்த பருப்பை மசித்துச் சேர்த்து, ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு ஊட்டுங்கள். மாதந்தோறும் எடை பாருங்கள்.

யாயிர் என்பவரின் மகளை உயிர்ப்பித்த ஆண்டவர், அத்துடன் விட்டுவிடவில்லை; அவளுக்கு உண்ணக் கொடுக்கவும் சொன்னார். குணமாக்குதலும் உணவூட்டலும் அங்கே ஒன்றாகவே நிகழ்ந்தன.

நாம் சொன்ன அக்குழந்தையை, நம் பங்குத் தாய் ஒருவர் சென்ற மாதம் அங்கன்வாடிக்குத் தூக்கிச் சென்றார். தராசில் ஏற்றினார்கள். எடை குறைவுதான், ஆனால் பெயர் எழுதப்பட்டுவிட்டது. தாயின் பெயரும் கீழே எழுதப்பட்டது. இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கின் எல்லைக்குள் பெயர் எழுதப்படாத குழந்தை ஒன்றும் இராதபடி பார்த்துக்கொள்வோமாக. இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.