“அம்மா, ஒண்ணு உடைஞ்சுபோச்சு”



நவராத்திரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் மந்தைவெளி வீட்டில் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகள் இறங்கும். எல்லாம் பழைய வேட்டித் துணி சுற்றி வைத்த மண் பொம்மைகள். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் மேல்வேலை பார்க்கும் அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். போய்ப் பார்த்தேன். தசாவதார செட்டின் வாமனர் அவருடைய ஒரு கையில் இருந்தார். வாமனரின் குடை இன்னொரு உள்ளங்கையில் இருந்தது.

“அம்மா, ஒண்ணு உடைஞ்சுபோச்சு. துணி சிக்கி இழுத்துடுச்சு” என்றார்.

என் மாமியார் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வாங்கிய செட் அது. ஒன்று ஊனமானால் பத்தும் போன மாதிரி என்று நினைக்கிற வீடு எங்களுடையது. மனசு திக்கென்றது. ஆனாலும் நான் கோபப்படவில்லை, அவரும் பயப்படவில்லை. அந்த நிதானம் எனக்குச் சும்மா வந்துவிடவில்லை. அதற்குப் பல வருடம் முன்பு நான் செய்த ஒரு தவறுதான் அதைக் கற்றுக்கொடுத்தது. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அப்போது எங்கள் வீட்டில் வேறொரு பெண் வேலை செய்தார். ஒருநாள் ஊறுகாய் ஜாடி அவர் கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. மாதக் கடைசியில் சம்பளத்தில் 300 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். பொறுப்பு வரட்டும் என்று என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஃபிரிட்ஜுக்கு அடியில் உருண்ட பந்தை எடுக்கப் போன என் மகள் “அம்மா!” என்று அலறினாள். பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. எந்தக் கண்ணாடி என்று தேடினால், கடாயின் கண்ணாடி மூடியைக் காணோம். அது உடைந்ததும், சில்லுகளைக் கூட்டிப் பையில் கட்டி அவர் எடுத்துப் போனதும் மறுநாள்தான் தெரிந்தது. “ஏன் சொல்லல?” என்று கேட்டேன். “சொன்னா பிடிச்சுக்குவீங்களேம்மா” என்றார்.

நான் பிடித்தது 300 ரூபாய். கூடவே அவர் வாயையும் அடைத்துவிட்டேன். வீட்டில் ஒரு பொருள் உடைவது சின்ன நஷ்டம். உடைந்ததைச் சொல்ல ஒருவர் பயப்படுகிறார் என்றால் அதுதான் பெரிய நஷ்டம்.

பாத்திரம் ஏன் உடைகிறது என்று பொறுமையாக யோசித்துப் பாருங்கள். சோப்பு நுரையில் கை வழுக்கும். குக்கரும் கண்ணாடி டம்ளரும் ஒரே தொட்டியில் கிடக்கும். தரை மார்பிளாக இருந்தால் விழுந்தது தப்பாது. பல நேரங்களில் காரணம் நாம்தான். நான்-ஸ்டிக் தவாவைக் கம்பி நார் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று நாம் சொல்லியிருக்க மாட்டோம். அடுப்பிலிருந்து இறக்கிய கல்சட்டியைச் சூடு ஆறுமுன் தொட்டியில் போட்டிருப்போம். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். ஈயச் சொம்பைச் சொல்லவே வேண்டாம். ரசம் இல்லாமல் வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகிவிடும். அந்த ஈயம் என்பது வெள்ளீயம், 232 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும். இது நமக்கு நம் அம்மா சொல்லித் தெரிந்தது. எவர்சில்வர் மட்டுமே புழங்கிய வீட்டிலிருந்து வருகிறவருக்கு யார் சொன்னார்கள்?

இன்னொரு காரணம் அவசரம். மயிலாப்பூரிலும் அடையாறிலும் தி. நகரிலும் வீட்டு வேலை செய்யும் பெண்களில் பலர் ஒரு காலத்தில் பக்கத்துக் குப்பங்களிலும் ஆற்றோரத்திலும் இருந்தவர்கள். நடந்தே வேலைக்கு வந்தார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று குடியிருப்புகள் தள்ளிப்போன பிறகு, விடியுமுன் பஸ் பிடித்து வருகிறார்கள். மத்தியானத்துக்குள் மூன்று நான்கு வீடு முடிக்க வேண்டும். ஒரு வீட்டில் பத்து நிமிடம் தாமதமானால் அடுத்த வீட்டில் பேச்சு கேட்க வேண்டும். அந்தப் பதற்றத்தில் இருக்கும் கையில்தான் நம் பீங்கான் கோப்பையும் இருக்கிறது.

சரி, பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் வீட்டு வேலைக்கு அரசு 2018-ல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. சாதாரண வேலைக்கு மணிக்கு 37 ரூபாய். அன்றைய கணக்கில் 1,500 ரூபாய்ப் பீங்கான் கிண்ணம் ஒன்றுக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். கை நழுவியது ஒரு நொடி.

தொழிற்சாலையில்கூட முதலாளி நினைத்தபடி பிடித்தம் செய்துவிட முடியாது. 1936-ல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டம் அதற்கு வரம்பு கட்டியது. அந்தப் பொருள் தொழிலாளியின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அவருடைய அலட்சியத்தால்தான் சேதம் வந்திருக்க வேண்டும். சேதத்தின் மதிப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதற்கும் முன்னால் அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்க வேண்டும். 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே விதிகள் தொடர்கின்றன. நம் வீட்டுச் சமையலறையிலோ, புகார் சொன்னதும் நாம்தான், விசாரித்ததும் நாம்தான், தீர்ப்புச் சொல்லிப் பணத்தைப் பிடித்ததும் நாம்தான். கோபத்தில் சிலர் போலீஸ் பெயரையும் எடுப்பார்கள். வேண்டுமென்றோ, நஷ்டம் வரும் என்று தெரிந்தோ செய்தால்தான் அது குற்றம். கை தவறி விழுந்தது குற்றமே அல்ல.

ஜெர்மனியின் தொழிலாளர் நீதிமன்றங்கள் இதற்கு ஒரு வழி வகுத்திருக்கின்றன. வேலை செய்யும்போது ஏற்படும் சின்னக் கவனக்குறைவுக்குத் தொழிலாளி ஒரு காசும் தர வேண்டாம். நடுத்தரமான தவறு என்றால் இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். மிக மோசமான அலட்சியமும் வேண்டுமென்றே செய்ததும்தான் பொதுவாக முழுக்க அவர் தலையில் விழும். காரணம் எளிமையானது. தினமும் கை வைத்து வேலை செய்கிறவர் கையில்தான் ஒருநாள் ஏதாவது உடையும். வேலையின் பலனை எடுத்துக்கொள்கிறவர் அதன் சேதத்தையும் ஏற்க வேண்டும். நம் வீட்டிலும் கணவர் தட்டை உடைத்தால் கண் திருஷ்டி கழிந்தது என்கிறோம். அந்தத் திருஷ்டி வேலை செய்கிறவர் கையாலும் கழியட்டுமே.

அப்படியானால் என்ன செய்யலாம்? எங்கள் வீட்டில் நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

புதிதாக ஒருவர் வேலைக்கு வரும் முதல் நாளே பத்து நிமிடம் ஒதுக்கி, கூடவே நடந்து காட்டுவேன். இது கம்பி நார் படக் கூடாதது, இது ஆசிட் ஊற்றக் கூடாத தரை, இந்த அலமாரியை நானே துடைத்துக்கொள்கிறேன் என்று. எது போனால் என்னால் தாங்க முடியாதோ அதை நான்தான் கழுவுவேன். கல்சட்டியும் ஈயச் சொம்பும் என் கணக்கு.

அதோடு ஒரு வார்த்தையும் சொல்லிவிடுவேன். “உடைஞ்சா உடனே சொல்லுங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்.” உடைந்த பிறகு சொல்வதைவிட, எதுவும் உடையாத நாளில் சொன்னால்தான் இந்த வார்த்தையை நம்புவார்கள்.

கண்ணாடி உடைந்தால் முதலில் கேட்க வேண்டியது, “கையில காலுல குத்திச்சா?” என்று. பிறகு செருப்புப் போட்டுக்கொண்டு கூட்டி, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, கெட்டியாகத் தாளில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதித் தனியாகக் கொடுக்க வேண்டும். நம் வாசலுக்கு வெளியே தூய்மைப் பணியாளரின் கையும் இருக்கிறது.

ஒருவர் கையில் அடிக்கடி உடைகிறதா? திட்டுவதற்கு முன் விசாரியுங்கள். நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்கும். கண்புரை இருக்கலாம். ஒரு கண் பரிசோதனையும் ஒரு கண்ணாடியும் பல தட்டுகளைக் காப்பாற்றும். கைவலியோ, ராத்திரி முழுக்கத் தூங்காத கஷ்டமோகூட இருக்கலாம். எல்லாம் பார்த்தும் ஒத்துவரவில்லை என்றால், பாக்கி வைக்காமல் முழுச் சம்பளம் கொடுத்து மரியாதையாக அனுப்புங்கள்.

வாமனர் கதைக்கு வருகிறேன். குடையை ஃபெவிகால் போட்டு ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, கோடு தெரிந்த இடத்தில் மஞ்சள் பெயின்ட் பூசினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் இன்றும் தெரியும். சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் அந்த அம்மா வெற்றிலை பாக்கு வாங்க வந்தார், கையில் பேத்தியைப் பிடித்துக்கொண்டு. சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை கொலுப் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து வாமனரைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “இதோ பாரு, இது நான் உடைச்சது. அம்மா ஒட்டிட்டாங்க.”

வந்திருந்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை மட்டும் குடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இப்ப நல்லா இருக்கு பாட்டி” என்றாள்.